பண்ணவாடி வலையும் பருத்தி நூலும்

குழு: அம்மாபேட்டை மேட்டூர் வீடு
2025 ஜனவரி 12, ஞாயிறு

சித்ரா அத்தை (காலை 8:52)
[படம்]
உங்க மாமா கடையிலருந்து நண்டு குடுத்துவிட்டாரு. கழுவலாம்னு எடுத்தா ஒரு நண்டுக்கு ரெண்டு கால்ல தங்கூஸ் நைலான் வலை சுத்திக் கெடக்கு. பிரிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. பாவமா இருந்துச்சு.

செல்வம் மாமா (8:58)
நண்டு வலைத் துண்டு அது. ராமேஸ்வரம் பக்கத்து நீலக்கால் நண்டு. சிக்கினதப் பிரிக்க நேரமில்லைன்னா கண்ணிய அறுத்துட்டு அனுப்பிடுவாங்க. ஒரு இழை கூட விடாம எடுத்துடு.

நிலா (9:01)
மாமா, கடல்லயே அறுந்து போற வலை என்ன ஆகும்?

செல்வம் மாமா (9:03)
அங்கயேதான் கெடக்கும் கண்ணு. நைலான் மக்காது. ஆள் இல்லாமலே பிடிச்சுக்கிட்டு இருக்கும். சிக்கினது செத்து, அத திங்க வர்றதும் சிக்கி, அப்படியே போகும்.

கார்த்தி (9:10)
மாமா, இங்க கலிபோர்னியாவுல இதுக்குன்னே சட்டம் இருக்கு. போன வாரம் ஹாஃப் மூன் பே துறைமுகத்துல படகுலயே நண்டு வாங்கப் போனோம். அங்க வலை கிடையாது, இரும்புக் கூண்டு. அதுல ஒரு பக்கம் பருத்தி நூல்தான் கட்டியிருக்கணும். மருந்து ஏத்தாத வெறும் பருத்தி. கூண்டு தொலைஞ்சு கடலுக்கடியில கெடந்தா, அந்த நூல் மக்கி வழி திறந்துடும். உள்ள இருக்கறது வெளிய போயிடும். சின்ன நண்டு தானா நழுவிப் போக 4¼ அங்குல வளையம் ரெண்டு தனியா வைக்கணும்.

செல்வம் மாமா (9:12)
கீழக்கரைப் பக்கம் மீனுக்கு வைக்கிற கூடு மாதிரியா?

கார்த்தி (9:13)
அதே வேலைதான் மாமா. ஆனா ஒவ்வொரு கூண்டுக்கும் மேல வரைக்கும் ஒரு கயிறு, ஒரு மிதப்பு. அதுதான் அங்க பெரிய பிரச்சினை. திமிங்கலம் அந்தக் கயித்துல சிக்குது. 2015ல நண்டுல ஒரு பாசி நஞ்சு ஏறிப் பருவத்தைத் தள்ளி வச்சாங்க. 2016 மார்ச் கடைசியில திறந்தப்ப, திமிங்கலம் வர்ற நேரமும் கயிறு இறங்குற நேரமும் ஒண்ணாயிடுச்சு. 2017ல ஒரு சூழல் அமைப்பு மாநிலத்து மேலயே வழக்குப் போட்டுச்சு. 2019ல சமரசம். 2020 நவம்பர்லருந்து, திமிங்கலம் எத்தனை நிக்குதுன்னு பாத்துத்தான் கூண்டு போட விடறாங்க.

இந்தத் தடவை நவம்பர் 15ல திறக்க வேண்டியது. எங்க பக்கம் ஜனவரி 5தான் திறந்தாங்க. அதுவும் பாதிக் கூண்டு. 500 கூண்டு அனுமதி இருக்கறவர் 250தான் போடலாம்.

செல்வம் மாமா (9:19)
ரெண்டு மாசம் தொழில் இல்லாம அவங்க எப்படிப் பொழைப்பாங்க? நம்ம ஊர்ல 1983லருந்து மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக்கூடாது. 61 நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு அரசு நிவாரணம் 8,000 ரூபா. அத வச்சு வீட்டு வாடகையாச்சும் கட்ட முடியுமா? எனக்கு மீன் அனுப்புறவங்க அந்த மாசத்துல நகை அடகு வைக்கறத நான் பாத்திருக்கேன். சட்டம் வேண்டாம்னு சொல்லல. சுமை எல்லாம் படகுக்காரன் தலையிலயே விழக்கூடாது.

கார்த்தி (9:24)
நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி மாமா. நாங்க வாங்கின படகுக்காரரும் அதேதான் சொன்னாரு. நவம்பர் கடைசியில வர்ற பண்டிகை வியாபாரமே போச்சுன்னு கண்ணு கலங்கிட்டாரு. 2015லயே மீனவங்களையும் சேத்து ஒரு குழு போட்டாங்க, அது நல்ல விஷயம். இப்ப கயித்தையும் கூண்டோட அடியிலயே சுருட்டி வச்சு, படகுலருந்து ஒலி அனுப்பினா மட்டும் மேல வர்ற மாதிரி ஒரு முறையச் சோதிக்கறாங்க. விலைதான் ஜாஸ்தி.

செல்வம் மாமா (9:26)
பருத்தி நூலுக்கு விலை ஒண்ணும் இல்லையே. அது எனக்குப் புடிச்சிருக்கு.

மேட்டூர் பெரியப்பா (9:41)
[குரல் செய்தி, நிலா எழுத்தாக்கியது]
எல்லாத்தையும் படிச்சேன். இப்ப மேட்டூர் அணையில தண்ணி நிக்குது, பண்ணவாடியில முங்கிக் கெடக்கற பழைய கோயிலோட நந்தி சிலை தண்ணிக்குள்ள போயிடுச்சு. 2024 கோடையில தண்ணி இறங்கினப்ப நான் நடந்தே போனேன். நந்தி கிட்ட, பழைய கல்லு மேலெல்லாம் வலை. எந்த வருசத்து வலையோ தெரியல, கண்ணி அப்படியே இருக்கு. ஒண்ணுல ஆமை ஓடு ஒண்ணு, உள்ள எதுவும் இல்ல. என் கத்தியால அறுக்க அறுக்கத் தீரல. பரிசல்காரங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். அடியில கல்லுல மாட்டினா அவன் முதலும் போகுது.

நிலா (9:44)
பெரியப்பா, வலைக்கு அந்தக் கூண்டு மாதிரி வழி வைக்க முடியாதா?

மேட்டூர் பெரியப்பா (9:50)
[குரல் செய்தி, நிலா எழுத்தாக்கியது]
யோசிச்சேன். வலை தண்ணியில நிமிந்து நிக்கறதே மேல இருக்கற மிதப்பாலதான், கீழ ஈயம் இழுக்குது. மிதப்ப நைலான்ல கட்டாம பருத்தியில கட்டினா? தொலைஞ்ச வலையில நூல் இத்துப்போய் மிதப்பு கழண்டுரும், வலை படுத்துரும். படுத்த வலை அவ்வளவா பிடிக்காது. தினமும் எடுக்கற வலைன்னா நூல் நைஞ்சதும் அவனே மாத்திக் கட்டிக்கலாம்.

செல்வம் மாமா (9:53)
மச்சான், இதுக்கு யாரும் தொழில நிறுத்த வேண்டியதில்ல. பரிசல்காரங்க ஒத்துக்குவாங்க.

சித்ரா அத்தை (9:57)
அண்ணா, எங்க மாமியார் தறிய நிறுத்தினப்ப மிச்சமான நூல் கண்டு பரண்ல அப்படியே இருக்கு. கஞ்சி போடாதது. எத்தனை புரி முறுக்கணும்னு சொல்லுங்க.

மேட்டூர் பெரியப்பா (10:02)
நாலு, ஆறு, எட்டுன்னு மூணு விதமா முறுக்கு. ஒரு முழம் போதும். பொங்கலுக்கு வர்றப்ப கொண்டா. ஒரே தேதியில அணையில கட்டித் தொங்கவிடறேன். எது எத்தனை நாள்ல அறுதுன்னு நோட்டுல எழுதி வைக்கறேன்.

சித்ரா அத்தை (10:03)
இப்பவே பரண் ஏறுறேன். நண்டுக் கொழம்ப நிலா பாத்துக்குவா.