எழுதும் கை இரவில் மரத்துப்போகிறது: என்ன செய்யலாம்?

பொருநை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் தொடர்கதைகளும் நாவல்களும் எழுதுகிறேன். முதல் படியைப் பால்பாயிண்ட் பேனாவால் தாளில் எழுதிவிட்டு, பிறகு மடிக்கணினியில் நானே தட்டச்சு செய்து திருத்துவது வழக்கம். சில மாதங்களாக வலக்கை மரத்துப்போய் நள்ளிரவில் விழிப்பு வந்துவிடுகிறது. கையை நன்றாக உதறிய பிறகுதான் உணர்வு திரும்புகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. சுண்டுவிரலுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அண்மையில் சட்டைப் பொத்தான் போடும்போதும் விரல் தடுமாறுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, வீட்டில் தைலம் தேய்க்கச் சொல்கிறார்கள். வாராவாரம் அத்தியாயம் கொடுத்தாக வேண்டியிருப்பதால் எழுத்தை நிறுத்திவைக்கவும் இயலவில்லை. இந்தத் தொல்லையைக் கடந்து வந்தவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கைவைத்தியர் (இயன்முறை மருத்துவர்):

ஐயா, நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவை பெரும்பாலும் கார்பல் டனல் சிண்ட்ரோமின் அடையாளங்கள். மணிக்கட்டின் எலும்புகளுக்கும் அவற்றின் மேல் குறுக்கே கட்டியதுபோல் ஓடும் தடித்த நாருக்கும் இடையில் ஒடுங்கிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் செல்கின்றன. உள்ளே சற்று வீக்கம் கண்டாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். பெருவிரல் முதல் மோதிரவிரலின் பாதி வரை உணர்வு தருவது அந்த நரம்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால்தான் அது தப்பியிருக்கிறது. உறக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால் இரவில் தொல்லை கூடுகிறது.

மரத்துப்போவதைவிட, பொத்தான் போடத் தடுமாறுகிறது என்று நீங்கள் எழுதியதே எனக்குக் கவலை தருகிறது. அது வலு குறையத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். பெருவிரலின் அடியில் உள்ள சதைமேட்டை இரண்டு கைகளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலக்கையில் அது வற்றித் தட்டையாகத் தெரிந்தால் நரம்பு நெடுநாளாக நசுங்கியிருக்கிறது என்று பொருள். வற்றிய சதை சிகிச்சைக்குப் பிறகும் முழுமையாகத் திரும்பாமல் போகக்கூடும். ஆகவே, அடுத்த அத்தியாயத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், நரம்பியல் மருத்துவரையோ எலும்பு மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். நரம்பு எந்த அளவுக்கு நசுங்கியுள்ளது என்பதை நரம்புக் கடத்தல் சோதனை காட்டும். சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இக்குறைகள் உள்ளவர்களுக்கு இந்நோய் எளிதில் வருகிறது. தட்டச்சு மட்டுமே காரணம் என்று மருத்துவம் உறுதியாகச் சொல்லவில்லை. தைலத்தால் தோலுக்கு இதமாக இருக்குமே தவிர, உள்ளே உள்ள அழுத்தம் குறையாது.

அச்சுக்கோப்பு:

நான் நெடுங்காலம் தட்டச்சு கற்பித்தவள். மடிக்கணினியில் திரை கண்ணுக்கு நேராக இருந்தால் விசைப்பலகை கைக்கு உயரமாகிவிடும். விசைப்பலகை சரியாக அமைந்தால் கழுத்து குனிந்துவிடும். ஆகவே மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகை ஒன்றை முழங்கை மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றித் தட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஆங்கில எழுத்து வழியாகத் தட்டச்சு செய்பவரானால், தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளலாம். ‘தங்கம்’ என்ற சொல்லுக்கு ஆங்கில ஒலிபெயர்ப்பில் ஏழெட்டு விசைகள் தேவைப்படும். தமிழ்99இல் த, ங, க, ம, புள்ளி என ஐந்தே போதும். ‘ங்’ மேல் உள்ள புள்ளி தானாக விழுந்துவிடும். நாவல் முழுவதற்கும் கணக்கிட்டால் விரல்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம் என்பது விளங்கும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மைப்பேனாவோ ஜெல் பேனாவோ தாளைத் தொட்டாலே எழுதும். தண்டு பருமனான பேனாவாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏட்டுச்சுவடி:

வலக்கை ஓய்வெடுக்கட்டும், இடக்கையால் எழுதிப் பழகலாம் என்று யாராவது சொன்னால் சற்று யோசியுங்கள். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் துன்பங்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருப்பது, பிழை நேரக் கூடாதென்ற மன இறுக்கம் ஆகிய மூன்றையும் அவர் காரணமாகக் கூறுகிறார். தமக்குத் தெரிந்த ஆவண எழுத்தர் ஒருவரின் வலக்கை செயலிழந்ததையும், அவர் இடக்கையால் எழுதப் பழகிய சிறிது காலத்திலேயே அந்தக் கையையும் அதே நோய் பிடித்துக்கொண்டதையும் பதிவு செய்திருக்கிறார். உங்கள் நோய் வேறாக இருக்கலாம்; ஆனால் வேலையின் அளவைக் குறைக்காமல் கையை மட்டும் மாற்றுவதில் உள்ள ஆபத்து ஒன்றுதான்.

வாயால் சொல்லி எழுதுவது பயனுள்ள வழி. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் மணிக்கட்டு வலியால் 1897இல் அம்முறைக்கு மாறி, பிற்கால நாவல்களை அப்படியே படைத்தார். இன்று கைபேசியின் குரல் தட்டச்சு தமிழை ஓரளவு நன்றாகவே வாங்கிக்கொள்கிறது. ஒற்று விடுபடும், ர–ற, ல–ள மயங்கும், நிறுத்தக்குறிகளை நாம்தான் இட வேண்டும். ஆனாலும் உரையாடல் பகுதிகள் அதில் மிக இயல்பாக அமைகின்றன. உங்கள் தொடர்கதையில் உரையாடல்களை மட்டுமாவது பேசிப் பதிவு செய்து பாருங்கள்.

நீலாம்பல்:

கைபேசியிலேயே கதை எழுதுபவர்களுக்காக ஒரு குறிப்பு. எனக்குப் பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக வலி வந்தது. பாத்திரத்தைத் தூக்கும்போது உயிர் போகும். அது பெருவிரல் தசைநாண் உறையில் வரும் வீக்கம் என்றார் மருத்துவர். பெருவிரலால் தட்டுவதை நிறுத்திப் பட்டை அணிந்த பிறகு குறைந்தது. மரத்துப்போதல் இருக்கவில்லை என்பதால் உங்களுடையது வேறு என்றே நினைக்கிறேன்.

பொருநை:

அனைவருக்கும் நன்றி. சதைமேட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். வலக்கையில் சற்று வற்றியதாகவே தோன்றுகிறது. நாளை நரம்பியல் மருத்துவரிடம் செல்கிறேன். நீலாம்பல் சொன்னதுபோன்ற மணிக்கட்டுப் பட்டை எனக்கும் உதவுமா? எழுதும்போதும் அதை அணிய வேண்டுமா?

கைவைத்தியர்:

சதை வற்றியிருந்தால் பட்டை மட்டும் போதாமல் போகலாம். குறுக்கே உள்ள நாரை வெட்டி நரம்பை விடுவிக்கும் சிறிய அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும், அஞ்ச வேண்டாம். பட்டை முதன்மையாக இரவுக்கானது. மணிக்கட்டு மேலும் கீழும் வளையாமல் நேராக நிற்கும்படி உள்ளே தகடு வைத்ததாகப் பார்த்து வாங்கி, விரல்கள் வீங்காத அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். அதை அணிந்துகொண்டு தட்டச்சு செய்தால் முழங்கையும் தோளும் கூடுதலாக உழைக்க நேரும் என்பதால், எழுதும் நேரத்தில் கழற்றிவிடுவதே நல்லது. சோதனை முடிவு வந்ததும் இங்கே தெரிவியுங்கள்.