‘லாபி’க்குத் தமிழ்: சூழ்வாரா, சார்புரைஞரா?

தென்காசி அண்ணாச்சிக்கும் பாளையங்கோட்டை மருத்துவர் அம்மாவுக்கும் குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் மாணவியருக்கான பொதுச் சுகாதாரப் பாடநூலின் ஏழாம் இயலை வரும் செவ்வாய்க்கிழமை நான் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அரசு எடுக்கும் சுகாதார முடிவுகளைத் தொழில் நிறுவனங்களும் சங்கங்களும் தம் பக்கம் திருப்புவது எவ்வாறு என்பதே அந்த இயலின் பொருள். அவ்வாறு திருப்பும் முயற்சியைக் குறிக்கும் ‘லாபி’, அதைச் செய்பவரைக் குறிக்கும் ‘லாபியிஸ்ட்’ என்ற இரண்டுக்கும் தமிழ் கேட்டு நான் எழுதிய மூன்று வரிக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் பத்து மடல்கள் ‘சுகாதாரம்’ வடசொல்லா, ‘நலவாழ்வு’ என மாற்றலாமா என்ற வழக்குக்கே போய்விட்டன. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

பள்ளிச் சமூக அறிவியல் நூலில் உள்ள ‘அழுத்தக் குழு’ போதாதா என்று கேட்டவர்களுக்கு முதலில் விடை சொல்கிறேன். சென்ற வாரம் வகுப்பில் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். “இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சேர்ந்து வைத்த சங்கமா, மேடம்?” என்று முன்வரிசை மாணவி முழு அக்கறையோடு கேட்டாள். அவள் மீது தவறில்லை. காலை முழுவதும் இரத்த அழுத்தம் பார்த்துப் பழகிய கை அது. ‘நலக்குழு’வுக்கும் இதே கதிதான். பொருளியல் நூலில் நலன் என்றால் ஆதாயம், எங்கள் நூலில் நலம் என்றால் உடல்நலம். நலக்குழு என்றதும் தடுப்பூசி முகாம்தான் அவர்கள் நினைவுக்கு வரும்.

அண்ணாச்சி முன்வைத்த ‘சூழ்வார்’ அழகான சொல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. “சூழ்வார்கண் ணாக ஒழுகலான்” என்ற குறளில் சூழ்வார் என்போர் மன்னனுக்குக் கண்ணாக நின்று ஆராய்ந்து சொல்பவர். “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” என்னும்போதும் சூழ்ச்சி ஆராய்ச்சியே ஆகும். அரசனைச் சூழ்ந்து நிற்பதும் ஆராய்வதும் ஒரே வேரில் அடங்கியிருப்பதை அண்ணாச்சி காட்டிய விதத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஆயினும் இன்று சூழ்ச்சி என்றால் சதி. பாடநூலில் ‘சூழ்வார்’ என்று அச்சிட்டால், நடந்தது என்ன என்று பார்க்கும் முன்பே மாணவி தீர்ப்பு எழுதிவிடுவாள். 2005-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத் திருத்தத்தில், பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதுக் காப்புரிமை பெறுவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு இடம்பெற வேண்டும் என்று நோயாளிகளுக்காக வாதாடிய அமைப்புகளும் அரசை நெருங்கிப் பேசியவையே; அவர்களையும் சதிகாரர் வரிசையில் நிறுத்த நான் ஒப்பமாட்டேன்.

‘லாபி’ மன்றத்தின் முன்கூடம் என்பதால் ‘முன்றிலார்’ என்றார் ஒருவர். இல்முன் என்பது முன்றில் ஆனதை இலக்கணப்போலி என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதைத் தொட்டு, திண்ணையைத் தாண்டிய தார்சாவில் வந்தவரை உட்காரவைத்துப் பேசும் நம் ஊர் வழக்கத்தைச் சொல்லி ‘தார்சாப் பேச்சு’ வரை போனோம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மதுரையைத் தாண்டினால் யாருக்குப் புரியும்?

மருத்துவர் அம்மா ‘லாபி’யையே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். செய்தித்தாளில் புழங்குவது உண்மைதான். அங்கும் அது வசைச்சொல்லாகவே புழங்குகிறது என்பதுதான் என் தயக்கம்.

பாடத்தில் உள்ள எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். புகையிலைப் பொருள்களின் உறையில் இருபுறமும் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று 2014 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அதற்குச் சில நாள்களுக்கு முன் நாடாளுமன்றக் குழுவொன்று அதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அக்குழுவில் பீடித் தொழில் நடத்திய உறுப்பினர் ஒருவரும் இருந்தார். படம் உறைக்கு வர 2016 ஏப்ரல் ஆயிற்று. தொழிலாளர் பிழைப்பு போய்விடும் என்பது அப்போது ஓங்கி ஒலித்த வாதங்களில் ஒன்று. என் வகுப்பில் முக்கூடலிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் வரும் பெண்கள் இருக்கிறார்கள். தாய் மடியில் தட்டை வைத்து இலை வெட்டித் தூள் நிரப்பிப் பீடி சுற்றிய கூலியில் படிப்பவர்கள். அவர்களில் ஒருத்தி, “எங்கம்மாவும் மனு கொடுக்கப் போனாங்க, அவங்களும் லாபியா?” என்று கேட்டாள். தனக்காகத் தானே பேசும் தாயையும், அவளைக் காட்டித் தன் ஆதாயத்துக்காகப் பேசும் முதலாளியையும், கூலி வாங்கிக்கொண்டு முதலாளிக்காகப் பேசுபவரையும் பிரித்துக் காட்டும் சொல் எனக்கு வேண்டும்.

ஆகவே ‘சார்புரை’, ‘சார்புரைஞர்’ என்பவற்றை முன்மொழிகிறேன். வழக்குரைஞர் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவர் பக்கம் பேசுகிறார். அதை யாரும் இழிவாக எண்ணுவதில்லை, யார் பக்கம் என்று மட்டும் கேட்கிறோம். சார்புரைஞர் என்றவுடன் ‘யார் சார்பில்?’ என்ற கேள்வி தானாக எழும். அதே கேள்வி எழவேண்டும் என்பதற்காகத்தான், இந்தியா 2004-இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3 பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் ஆதாயத்திலிருந்து காக்குமாறு அரசுகளைக் கேட்கிறது.

நேற்று இரவு வரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர், சிலர் அலுத்துப்போய்த்தான் என்றாலும், இதற்கு இசைந்துள்ளனர். அண்ணாச்சி இசையவில்லை, ‘சார்பு’ இலக்கணத்தில் சார்பெழுத்துக்குப் போன சொல், உயிரற்றது என்கிறார். அவர் மறுப்பையும் சூழ்வார் விளக்கத்தையும் இயலின் அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

தொழில் நிறுவனம் பணம் கொடுத்து ஆய்வையே தன் பக்கம் பேசவைத்தால் அதற்கு என்ன பெயர் என்ற மருத்துவர் அம்மாவின் கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை. இதயநோய்ப் பழியைக் கொழுப்பின் மீது சுமத்திய 1967-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் பணம் கொடுத்தது 2016-இல்தான் வெளியே தெரிந்தது. அங்கே யாரும் எந்த அமைச்சரிடமும் போய் உரைக்கவில்லை. கட்டுரை தானே பேசியது. அதைச் சார்புரை என்பது பொருந்தாது. ஒரு சொல் தோன்றினால் திங்கள் இரவுக்குள் எழுதுங்கள். இல்லையேல் ‘ஆய்வை விலைக்கு வாங்குதல்’ என்றே விரித்து எழுதி அனுப்புகிறேன்.