கொலாட்டரல் டேமேஜ்: சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர்,
போர் அறவியல் பாடத்துக்காக, போர்க்காலப் பாதுகாப்பு குறித்த ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையில் 51, 57ஆம் பிரிவுகளைத் தமிழாக்குகிறோம். சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். படை இலக்கைத் தாக்கும்போது பொதுமக்களுக்கும் நேரும் இழப்பான ‘கொலாட்டரல் டேமேஜ்’ என்பதற்கு வரைவில் ‘பக்கச்சேதம்’ என்றிருக்கிறது. பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு பாக்தாதின் அமிரியா பதுங்கிடம். 1991 பிப்ரவரி 13 அதிகாலையில் அமெரிக்க விமானம் போட்ட முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அந்தத் துளை வழியே உள்ளே போய் வெடித்தது. 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். இதைச் சேதம் என்றெழுதக் கை வரவில்லை.

---

ஐயா,
சேதம் வடசொல், ‘உடனிகழ் இழப்பு’ என்று வையுங்கள். மூன்றாம் வேற்றுமை ‘ஒடு’ உருபின் உடனிகழ்ச்சிப் பொருள்தான் (ஒன்றோடு மற்றொன்றும் சேர்ந்து நிகழ்வது) இது. ‘தற்செயல் இழப்பு’ கூடவே கூடாது. 51(5)(ஆ), எதிர்பார்க்கப்படும் இழப்பைப் படைநலனோடு எடைபோடச் சொல்கிறது. தளபதி முன்கூட்டிக் கணக்கிட்ட சாவு எப்படித் தற்செயலாகும்?

---

‘உயிர்ச்சேதம்’ என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம். மாணவருக்குப் புரிவதை வடசொல் என்று தள்ளாதீர்கள்.

---

எனக்கு உடனிகழ்ச்சியிலேயே உடன்பாடில்லை. ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்பது தொல்காப்பியம். ‘ஆசிரியனொடு மாணாக்கர் வந்தார்’ என்றால் ஒடு ஏற்ற ஆசிரியனே உயர்ந்தவன். ‘பாலத்தொடு மக்கள் அழிந்தனர்’ என்றால்? பாலம் தலைமை, மக்கள் அதன் பின்னொட்டு! இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் அக்குவினாஸ் தொடங்கிவைத்த இரட்டை விளைவுக் கொள்கையின் கருவே, தீய விளைவை நோக்கமாகக் கொள்ளாமல் ஆனால் அறிந்தே செய்வது. அந்த அறிவு சொல்லில் தெரிய வேண்டும்: ‘அறிந்தேற்ற சாவு’.

---

அம்மா, அமிரியாவுக்கு அது பொருந்தாது. அதைக் கட்டளை மையம் என்று கருதியதாகவும், உள்ளே பொதுமக்கள் இருந்தது தெரியாது என்றும் அமெரிக்கா சொன்னது. அங்கே எழுவது 57ஆம் பிரிவின் கேள்வி: இயன்றவரை சரிபார்த்தார்களா, எச்சரித்தார்களா? (அமெரிக்கா இந்நெறிமுறையை ஏற்புறுதி செய்யவில்லை என்பதையும் பாடத்தில் சேருங்கள்.) எச்சரிக்கை என்றதும் புறநானூற்று 9ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது: ‘எம்அம்பு கடிவிடுதும் நும்அரண் சேர்மின்’ (எங்கள் அம்புகளை விரைந்து எய்யப்போகிறோம், உங்கள் காவலிடம் சேருங்கள்). அமிரியாவில் மாண்டவர்கள் அரண் சேர்ந்தவர்கள்.

---

அன்புடையீர்,
நேரமில்லை. ‘உடனிகழ் இழப்பு’ என்றே அனுப்புகிறேன். அம்மாவின் ஒடு மறுப்பு அடிக்குறிப்பில் வரும். அமிரியாவை ‘இலக்குப்பிழை’ என்று தனியே பிரிக்கிறேன்.

---

ஐயா, இலக்குப்பிழை என்றால் குறி தவறியது என்றுதான் மாணவர் படிப்பார்கள். இரண்டு குண்டும் குறிவைத்த கூரையில்தான் விழுந்தன. சரிபார்ப்பில் நேர்ந்த பிழைக்கு வேறு சொல் தேடுங்கள்.