சர்க்கரை பார்க்கும் இடத்திலேயே கண்ணையும் பார்க்க முடியாதா?

கேள்வி:
என் அம்மா 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்து வருகிறார். மாதாந்திர மருந்தையோ ரத்தப் பரிசோதனையையோ ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. சென்ற மாதம் இடக்கண்ணில் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது என்று அவர் சொன்ன பிறகே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, கசிந்திருப்பதாகச் சொன்னார். வீடு திரும்பி அம்மாவின் சர்க்கரைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். "கண் பரிசோதனை செய்துகொள்ளவும்" என்று எழுதிய சீட்டு, இரண்டாக மடித்தபடி, 3 ஆண்டுகளுக்கு முந்தைய தேதியோடு அதற்குள்ளேயே இருந்தது. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்; நானும் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வழியே இல்லையா? இனி அவருடைய பார்வையைக் காப்பாற்ற முடியுமா?

பதில் 1 (விழித்திரை மருத்துவர்):
முதலில், உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்படும் வரையிலோ ரத்தம் கசியும் வரையிலோ பார்வை தெளிவாகவே இருக்கும். இந்த நோயின் ஆபத்தே அதுதான். அதனால்தான் இரண்டாம் வகை நீரிழிவில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே முதல் கண் பரிசோதனையைச் செய்யச் சொல்கிறோம். இதற்குச் சிகிச்சையாகத் தரும் லேசரும் கண்ணில் போடும் ஊசியும் இழந்த பார்வை முழுவதையும் மீட்டுத் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் இருப்பதைக் காக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. கசிந்த ரத்தம் தானாகக் கரையாவிட்டால் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை மருத்துவரிடம் கண் அறிக்கையைக் கட்டாயம் காட்டுங்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாகக் குறைத்தால், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட விழித்திரை சில மாதங்களுக்கு மேலும் மோசமாகலாம் என்பதால், மருந்தைக் கூட்டும் முன் கண்ணின் நிலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் அவர் கையில்தான் இருக்கிறது: 1998இல் வெளியான பிரிட்டன் நீரிழிவு ஆய்வில், அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் முற்றும் அபாயம் 34 விழுக்காடு குறைந்தது. கண்ணைக் காக்கும் வேலையில் பாதி கண் மருத்துவமனைக்கு வெளியே நடக்கிறது என்பேன்.

பதில் 2 (சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியர்):
வழி இருக்கிறது. எங்கள் பிரிவில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்கள், சாப்பிட்டுவிட்டு அடுத்த ரத்தம் கொடுக்க 2 மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான், விழித்திரையைப் படம் பிடிக்கும் ஃபண்டஸ் கேமராவில் கண்ணைப் படம் எடுக்கிறோம். பெரும்பாலானோருக்குச் சொட்டு மருந்தே தேவைப்படுவதில்லை. கண்புரை இருந்தாலோ கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) சிறியதாக இருந்தாலோ மட்டும் அதை விரிக்கச் சொட்டு விடுவோம். படத்தை வேறு ஊரில் இருக்கும் கண் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடுகிறார். கணினியே படத்தைத் தரம் பிரிக்கும் முறையும் வந்துவிட்டது. அதற்காக 2016இல் வெளியான கூகுள் ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கேற்றன.

ஆனால் படம் எடுப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. கூலி வேலைக்குப் போகும் ஒருவரிடம் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றால், இன்னொரு நாள் சம்பளமும் துணைக்கு வருபவரின் சம்பளமும் போகும். எனவே, லேசர் தேவைப்படுவோரின் பெயரைத் தனி நோட்டில் எழுதி, நாங்களே தேதி வாங்கிக் கொடுத்து, போனார்களா என்று தொலைபேசியில் கேட்கிறோம். சீட்டு மட்டும் கொடுத்த காலத்தில் போகாதவர்கள்கூட இப்போது போகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முதல் லேசர் சிகிச்சைக்கு வியாழக்கிழமை தேதி வாங்கிவிட்டேன். அதற்கு முந்தைய நாளே கண் அறிக்கையின் நகலைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, சர்க்கரை மருத்துவரிடம் எடுத்துச் செல்கிறேன். எனக்கும் 2 ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. இதுவரை கண்ணைப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை அம்மாவோடு நானும் பார்த்துக்கொள்கிறேன்.