பைத்தானோட நம்பை (NumPy) லைப்ரரியில கிரியேட்டினின் (சிறுநீரக வேலைய காட்டுற ரத்த அளவு) ஏற்றம் தப்பா வருது

வணக்கம், நோயாளி நம்பர், நேரம், கிரியேட்டினின்னு மூணு அரே (வரிசைப் பட்டியல்) வச்சிருக்கேன், டிஃப் (diff, பக்கத்து ரெண்டு மதிப்ப கழிக்கிறது) போட்டா ஒருத்தருக்கு 0.9-லருந்து 4.2-ன்னு எகிறுது, பதறிப்போய் பாத்தா அந்த 4.2 அடுத்த ஆளோடது. லூப் இல்லாம எப்படி சரி பண்றது?

பதில் 1: லெக்ஸார்ட்ல (lexsort, பல கீ, அதாவது பல அரே வச்சு அடுக்குறது) அடுக்குங்க, கடைசியா குடுக்குற கீதான் முதன்மை, அதனால நேரம் முன்னாடி, நோயாளி நம்பர் கடைசி. அப்புறம் நம்பருக்கும் டிஃப் போட்டு, பூஜ்யம் இல்லாத எடத்துல, அதாவது ஆள் மாறுற எடத்துல, கிரியேட்டினின் டிஃப்ல நேன் (NaN, மதிப்பு இல்லைங்கிற குறி) வச்சிருங்க.

பதில் 2: அது மட்டும் பத்தாதுங்க. கேடிகோ (KDIGO, சிறுநீரக நோய் வழிகாட்டு அமைப்பு) 2012 விதியில 48 மணி நேரத்துக்குள்ள 0.3 mg/dL ஏறினாலே திடீர் சிறுநீரக பாதிப்புன்னு கணக்கு, பக்கத்து ரெண்டு ரீடிங்க மட்டும் கழிச்சா 0.2, 0.2-ன்னு ஏறுறவங்க விட்டுப்போயிடுவாங்க. அந்த 48 மணி நேரத்துல இருந்த குறைஞ்ச அளவோட ஒப்பிடுங்க.

கேட்டவர்: 1.0, 1.2, 1.4-ன்னு ஒருத்தர் நெசமாவே விட்டுப்போயிருக்காரு! ரொம்ப நன்றிங்க.