கோதுமையை நிறுத்தியும் டிடிஜி அளவு இறங்கவில்லையே?

கேள்வி: பாளையங்கோட்டைத் தாய்

என் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பது சென்ற ஆண்டு குடல் திசுப் பரிசோதனையில் உறுதியானது. அப்போது இரத்தத்தில், இந்த நோயில் உயரும் எதிர்ப்பொருளான டிடிஜி ஐஜிஏ ‘200-க்கு மேல்’ என்று வந்தது. ஆறு மாதத்தில் 96 ஆனது. ஓராண்டு முடிந்த இப்போது 88. அந்த ஆய்வகத்தில் 20-க்குக் கீழ் இருப்பதே இயல்பு. ரவை, மைதா, சேமியா எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவது என்பதால் நம் ஊர் அல்வாவைக்கூட அவள் தொடுவதில்லை. இட்லி, சொதி, கேழ்வரகுக் கூழ் என்றே சாப்பிடுகிறாள், எடையும் கூடியிருக்கிறது. பிறகு ஏன் இந்த அளவு இறங்கவில்லை?

பதில்: தென்காசி, இதே நோயுள்ள சிறுவனின் தந்தை

அக்கா, ‘200-க்கு மேல்’ என்பது அந்தக் கருவி அளக்கக்கூடிய உச்ச வரம்பே தவிர, உண்மையான அளவு அன்று. அது 250 ஆகவும் இருந்திருக்கலாம், 1000 ஆகவும் இருந்திருக்கலாம். ஆகவே முதல் ஆறு மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்கிட வழியில்லை. மிக உயர்ந்த அளவில் தொடங்கிய பிள்ளைகளுக்கு இயல்புக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஆனால் 96-க்கும் 88-க்கும் இடையே ஏறக்குறைய அசைவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் சமையலில் நான் முதலில் சந்தேகப்படுவது பெருங்காயத்தை. கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு சேர்க்கிறார்கள், அது சாம்பார், ரசம் வழியாக நாள்தோறும் உள்ளே போகும். அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் கேழ்வரகை அரைத்தால், கோதுமை மாவு அதில் கலந்துவிடும், கேழ்வரகில் குளூட்டன் இல்லை என்பதால் மட்டும் பயனில்லை. பார்லி மால்ட் கலந்த சத்துப் பானங்களையும் பாருங்கள்.

பதில்: அம்பாசமுத்திரம், ஆய்வகப் பணியாளர்

மூன்று பரிசோதனைகளும் ஒரே ஆய்வகத்தில் எடுத்தவைதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் பரிசோதனைக் கிட்டுகள் தரும் அளவுகளை நேரடியாக ஒப்பிட முடியாது. ஒன்றில் 88 என்பதும் மற்றொன்றில் 88 என்பதும் ஒரே பொருள் தருவதில்லை. டிடிஜியோடு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பது வழக்கம். ஹீமோகுளோபின் முன்னதாகவே ஏறிவிடும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மெதுவாகவே நிரம்பும். டிடிஜி இயல்பாகிவிட்டாலும் குடல் முழுவதும் ஆறிவிட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பாளையங்கோட்டைத் தாய்

மூன்றும் ஒரே ஆய்வகம்தான். பெருங்காயத்தையும் மாவு அரைக்கும் இடத்தையும் மாற்றிய பின் எப்போது மறுபடி பார்க்கலாம்?

பதில்: அம்பாசமுத்திரம், ஆய்வகப் பணியாளர்

ஒரு மாதத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியாது. மூன்று முதல் ஆறு மாத இடைவெளி விடுங்கள். அப்போதும் அளவு அசையாவிட்டால், குடல் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் அவள் உண்பதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.