கண்ணாடிக்கு முன்னால் இருந்தால் கலையா?

புளியந்தீவான்:
போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில் ஒரு மண்டபத்தில் ஆற்றுகை (performance) என்று கூப்பிட்டார்கள், போனேன். ஒரு பிள்ளை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தது. பேச்சில்லை, அசைவில்லை. விரும்பினவர்கள் பின்னால் போய் நின்று கண்ணாடிக்குள் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்கலாம். தன்னை அறிகிற முயற்சியாம். அதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாமே, எங்களை ஏன் மினக்கெடுத்துவான்?

ஆரையம்பதி மதி:
ஆள் பார்க்கிறதால்தான் அண்ணன் அது ஆற்றுகை. ஆற்றுகைக் கலைஞர் மரீனா அப்ரமோவிச் 2010இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் 700 மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருந்தார். எதிர்க் கதிரையில் யாரும் வந்து இருக்கலாம். ஒரு சொல் பேசவில்லை, வந்தவர்களில் பலர் அழுதார்கள். அது சரி, நீங்கள் பின்னால் போய் நின்றீர்களா?

புளியந்தீவான்:
நின்றேன். அரை நிமிடத்தில் கூச்சம் வந்து விலகிவிட்டேன். கூச்சம் வந்தால் கலை என்றால் ஆஸ்பத்திரி வரிசையும் கலைதான்.

களரிக்காரன்:
நியூயோர்க் வரை ஏன் போவான்? பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு. நேற்று வரை பக்கத்து வீட்டில் இருந்த ஆள் பாண்டவராகி வனவாசம் போகிறார், கடைசியில் தீ மிதிக்கிறார். எங்கள் வடமோடிக் கூத்திலும் சட்டங்கொடுத்து, அதாவது ஆடுகிறவருக்கு அவரவர் பாத்திரத்தின் பாட்டை எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் ஆடிப் பழகினால்தான் அரங்கேற்றம். உடம்பு நோகாமல் கதிரையில் இருந்து என்னத்தை அறிகிறது?

ஆரையம்பதி மதி:
பாண்டிருப்பை நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் தருமர் எப்படி நடக்க வேண்டும் என்று கதை முன்னமே சொல்லிவிட்டது. இங்கே வேஷமே இல்லை. அப்ரமோவிச்சே 1974இல் நேப்பிள்ஸில் 72 பொருட்களை மேசையில் வைத்து, ஆறு மணித்தியாலம் என்னை என்னவும் செய்யலாம் என்று நின்றார். ரோசாப்பூவும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. முதலில் பூவைக் கொடுத்தார்கள். போகப்போக உடுப்பை வெட்டினார்கள், துப்பாக்கியை அவரை நோக்கியே நீட்டினார்கள். நேரம் முடிந்து அவர் நடந்து வர, சனம் ஓடிவிட்டது. அன்றைக்குத் தங்களை அறிந்தது யார்?

புளியந்தீவான்:
அதில் உயிர் ஆபத்து இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கல்லடியில் என்ன ஆபத்து? மின்விசிறி வேலை செய்யாததா?

வாவிமீன்:
நானும் அன்றைக்குப் போயிருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் அந்தப் பிள்ளையின் சட்டையைப் பற்றியும், யாருடைய மகள் என்பதைப் பற்றியும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு பொடியன் கிட்டப் போய் போனை நீட்டிப் படம் பிடித்தான். அந்தப் பிள்ளை தலையைத் திருப்பவில்லை. மடியில் இருந்த கை மட்டும் இறுகியது. எங்கள் ஊரில் ஒரு பொம்பிளைப் பிள்ளை இரண்டு மணித்தியாலம் எல்லாரும் பார்க்க இருப்பது உங்களுக்குச் சும்மாவா? அந்தப் பொடியனை நாங்கள் ஒருவரும் தடுக்கவில்லை, நீங்களும்தான்.

புளியந்தீவான்:
தடுத்திருக்க வேண்டும், சரி. ஆனால் அது எங்கள் சனத்தின் குணம். குணம் வெளியில் வந்ததற்காகக் கண்ணாடிக்கும் கதிரைக்கும் ஏன் கைதட்டுவான்? கூத்துக்காரன் விடியவிடிய ஆடுகிறான், அவனுக்குத் தட்டுங்கள்.

களரிக்காரன்:
தங்கச்சி, எனக்கு மண்டபந்தான் பிழையாகப் படுகிறது. கண்ணாடியைச் சுவரோரம் வைத்தால் பின்வரிசைக்கு அந்தப் பிள்ளையின் முதுகு மட்டும்தான் தெரியும். கூத்து ஆடுகிற வட்டக் களரியில் சனம் சுற்றிவர இருக்கும். நடுவில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்திருந்தால், கதைத்தவனுக்கும் படம் பிடித்தவனுக்கும் தன் முகம் தெரிந்திருக்கும்.

ஆரையம்பதி மதி:
இது நல்ல யோசனை. செய்தால் வருவீர்களா புளியந்தீவு அண்ணன்?

புளியந்தீவான்:
வருவேன். கலை என்று சொல்ல மாட்டேன். போன்களை வாசலில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.